வேண்டாம் என்று சொல்லாதவர்

எங்கள் தர்மபுரிக் கல்லூரியின் கூடைப்பந்து உதவிப் பயிற்சியாளர் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். வாசலில் குனிந்தே நுழையும் உயரம். எண்பதுகளில் ஓர் இறுதிப் போட்டியில், முழங்கால் வீங்கியிருந்த என்னை ஆட இறக்கினார் தலைமைப் பயிற்சியாளர். உதவிப் பயிற்சியாளரான இவர் தடுக்காமல் பக்கத்தில் நின்றார். கோப்பை கிடைத்தது, என் முழங்கால் ஜவ்வு கிழிந்தது.

அதன்பின் தினமும் நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு சைக்கிளில் வந்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து வகுப்புக்கு அழைத்துப்போனார்.

"நான்தானுங்க சார் ஆடறேன்னு சொன்னேன். நீங்க ஏனுங்க செரமப்படறீங்க?" என்றேன்.

"நீ சின்னப் பையன், ஆடறேன்னுதான் சொல்லுவ. வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் நான் அங்க நின்னேன்," என்றார்.

கால் சரியாகி நான் மீண்டும் களமிறங்கிய நாளில் அணியே கைதட்டியது. அவரோ ஆட்டம் முடியும்வரை என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறையாவது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருக்கலாம்.