டாக்டரம்மா சொன்னதில் நான் விழுங்கிய பாதி

பச்சைக்குழந்தை வார்டுக்குள் போகுமுன் கையில் தேய்க்கச் சொல்லி ஒரு மருந்து ஊற்றுவார்களே... அந்த வாசனை, நான் ஸ்டியரிங் பிடிக்கும்போதெல்லாம் உள்ளங்கையிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஒன்பது வருடம் ஆயிற்று. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து சேர்ந்த என் மகள் ஜனனி, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். ஒரு கிலோகூட இல்லை. என் சாப்பாட்டு கேரியர் அதைவிட கனம்.

இவ்வளவு சீக்கிரம் பிறந்தால் கண்ணுக்குள் ரத்தக்குழாய் சரியாக வளராதாம். விட்டால் பார்வை போய்விடும் என்று லேசர் வைத்தார்கள். இமை மூடாதிருக்க ஒரு குட்டிக் கம்பி. கதவு இடுக்கில் அதைப் பார்த்தேன்... ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஓட்டுகிற வீரன், பெஞ்சில் சரிந்துவிட்டேன். நர்ஸம்மா தண்ணீர் தெளித்தது குழந்தைக்கு இல்லை, எனக்கு!

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கண் டாக்டரம்மா கூப்பிட்டார். என் மனைவி கலா பால் கொடுக்கப் போயிருந்தாள். நான் மட்டும் உள்ளே.

“கண்ணு தப்பிச்சிடுச்சுப்பா. ஆனா இந்த மாதிரி குழந்தைங்களுக்கு பின்னாடி ஆட்டிசம் வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். கூப்பிட்டா திரும்புறாளா, முகத்தைப் பாக்குறாளான்னு கவனிங்க. அவங்கம்மாகிட்டயும் சொல்லிடுங்க.”

வெளியே வந்தேன்.

“இன்னாய்யா சொன்னாங்க?”

“கண்ணு சூப்பரா கீதாம். வேற இன்னா வோணும் உனுக்கு?”

காதில் சரியாக விழவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நன்றாகவே விழுந்தது. குழந்தை பிறந்தபின் கலா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள்... அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். அப்புறம், சொல்லாமல் இருந்தால் வராது என்று ஒரு நினைப்பு.

இரண்டரை வயது. பின்னந்தலையில் எலாஸ்டிக் போட்டுக் கட்டிய குட்டிக் கண்ணாடி. ஜனனி யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நான் “பவர் பத்தல” என்று மூன்று முறை கண்ணாடி மாற்றினேன்.

“கூப்ட்டா திரும்பறதுக்கு கண்ணு இன்னாத்துக்குய்யா? காது போதுமே!”

“ஆமா, நீ பெரிய டாக்டரு!”

கலாவின் வாயை அடைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு, மாமல்லபுரம் கடற்கரை. ஈர மணலிலிருந்து ஜனனி கடுகு மாதிரிச் சிப்பிகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தாலும் என் கண்ணுக்குத் தெரியாத சிப்பிகள்! “ஜனனீ...” என்று கத்தினேன். சுண்டல்காரர் திரும்பினார். யாரோ ஒரு குழந்தை திரும்பியது. அவள் திரும்பவில்லை.

கலா என்னையே பார்த்தாள்.

அடுத்த வாரம் குழந்தை வளர்ச்சி டாக்டரிடம் போனோம். ஆட்டிசம்தான் என்றார்.

“கண்ணாலதான் இது வந்ததுன்னு சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்து வர்றதைப் பாக்குறோம். முன்னாடியே வந்திருந்தா பயிற்சியை ஆரம்பிச்சிருக்கலாம். உங்களுக்கு யாருமே சொல்லலையா?”

“யாரும் சொல்லல மேடம்,” என்றாள் கலா, அடித்துச் சொல்கிற மாதிரி.

நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

வரும்போது பஸ்ஸில், பொத்தேரி தாண்டி, கண் டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னதைக் கலாவிடம் சொல்லிவிட்டேன். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். என் மடியில் தூங்கிய குழந்தையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

இப்போது ஜனனிக்கு ஒன்பது வயது. பயிற்சிக்குப் போகிறாள், நாலைந்து வார்த்தை வந்திருக்கிறது. அன்றைக்கு டாக்டர் அறைக்குள் தனியாகப் போனவன் நான். இன்றைக்குக் கலாதான் போகிறாள். நான் வெளியே செருப்புகளுக்குக் காவல்.

வெளியே வந்ததும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் என்னிடம் சொல்லிவிடுவாள். ஒரு வார்த்தைகூட மறைக்க மாட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை...