பூப்பாறை லாட்டரியும் பீரோ சாவியும்

ஞாயிற்றுக்கிழமை காலை. காபியை நீட்டிவிட்டு என் கணவரிடம் கேட்டேன் — பீரோ சாவி எங்கே?

“இன்னுங் கொஞ்ச நாள் போகட்டும், கமலா.”

எனக்கு அறுபத்திரண்டு வயது. என் பீரோவைத் திறக்க நான் மனுப் போட வேண்டுமாம்!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு பார்க்கின்சன். போன வருடம் ஒரு புது மாத்திரை கொடுத்தார்கள். கை நடுக்கம் குறைந்தது, நடை சீரானது. கூடவே ஓர் ஆசை வந்தது — லாட்டரி.

சிரிக்காதீர்கள். லாட்டரி வாங்குபவர்களை, பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் வாரு வாரென்று வாரியவள் நான். அப்படிப்பட்டவள், ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பதைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, போடிமெட்டைத் தாண்டி, லாட்டரி விற்கும் கேரளத்துப் பூப்பாறைக்கு பஸ் ஏறினேன். முதலில் வாரம் ஒரு நாள். பிறகு தினமும். வேண்டாம் என்று மனசு சொல்லும். கால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். வளையல்கூட அடகுக்குப் போனது.

சீட்டுகளை ஏலக்காய் டப்பாவில் ஒளித்து வைத்தேன். தேவாரத்திலிருந்து வந்த கொழுந்தனாருக்கு ஏலக்காய் அள்ளப் போன கணவர் கையில் கத்தையாக அதுதான் வந்தது... கமகமவென்று!

“அந்த மாத்திரைய நிப்பாட்டுங்க மதினி” என்றார் கொழுந்தனார். நிறுத்தினால் அவரா வந்து என்னைத் தூக்கி நிறுத்துவார்?

தேனியில் டாக்டர், புதிதாக ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்” — கணவர் முந்திக்கொண்டார். மானம் போய்விடுமாம். நானே சொன்னேன். டாக்டர் அதிர்ச்சி அடையவில்லை. இந்த வகை மாத்திரை சிலரை இப்படிச் சூதாட வைக்கும், நீங்களாக நிறுத்தக்கூடாது, நான் படிப்படியாக மாற்றித் தருகிறேன் என்றார். அதுவரை பணமும் நகையும் கணவர் பொறுப்பில் இருக்கட்டும் என்றார். சாவியை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

மெல்ல மெல்ல ஆசை அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போன வாரம் டாக்டரே சொல்லிவிட்டார். இவர்தான் மனசு வைக்கவில்லை.

எனக்குக் கோபம் வருகிறது. இவருக்கு மாத்திரை சாப்பிட்டு வயிறு எரிந்தபோது, புத்தி கெட்டுவிட்டது என்றா சொன்னோம்? எனக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்? என்னைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்களே... டாக்டர் கேட்காவிட்டாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

“இதையெல்லாம் பத்திரிகையில எழுதிப்புடாத” என்றார் கணவர்.

“சாவியைக் கொண்டாங்க, எழுதல” என்றேன்.

சாவி வரவில்லை... பத்தி வந்துவிட்டது!