அவர் வாசிக்காத சுரம்

ஒருவர் சொல்லாமல் விட்ட இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நமக்கு உறுதியாகத் தெரியும்போது, அதை நாமே எழுதி நிரப்புவது உதவியா, அத்துமீறலா? சட்டம் படித்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில், ஆஸ்திரேலியாவின் டண்டினொங்கில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியம்தான் அதைக் கேட்டது.

அப்போது பாடசாலையின் ஜாஸ் இசைக்குழுவில் கிற்றார் வாசிக்க ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு இசை ஆசிரியர் வைத்த பரீட்சை விசித்திரமானது. பெரிய கலைஞர் ஒருவரின் இசைப்பதிவைத் தந்து, அதில் பதினாறு தாள அளவை நீளத்துக்கு அவர் மீட்டும் சுரக்கூட்டுகளை, பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவற்றை, காதால் கேட்டு ஒவ்வொரு சுரமாக எழுதிவரச் சொன்னார். அச்சிட்ட தாளைத் தேடக் கூடாது. நான் பதிவைக் கைபேசியில் ஏற்றி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நான்கு விநாடித் துண்டொன்றை ஐம்பது தடவை ஓடவிட்டு எழுதினேன். ஒரு கூட்டில் நான்கு சுரங்கள் இருந்தால் மேலே உள்ளது உடனே பிடிபடும். நடுவில் உள்ளவை ஒளித்துக்கொள்ளும்.

இந்தச் சித்திரவதையை முழுவதும் அனுபவித்தவர் மாமா. அம்மாவின் தம்பி. படகில் வந்தவர். எங்கள் முன்னறையில் படுத்து, அதிகாலையில் எழுந்து, காய்கறி பொதி செய்யும் தொழிற்சாலைக்குப் போய், பிற்பகலில் குளிரில் விறைத்த கைகளோடு சாப்பிட வருவார். யாழ்ப்பாணத்தில் மாமியும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். மாமாவுக்கு விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

"பிள்ளை, இந்த மனுசன் நேற்றும் உந்த இடத்திலைதானே நிண்டவர்? ஆராவது போய்த் தள்ளிவிடுங்கோ" என்பார் மாமா, சோற்றைப் பிசைந்தபடி.

"அவளுக்குச் சோதினை. நீ பேசாமச் சாப்பிடு" என்பார் அம்மா.

ஒருநாள் நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது மாமா கையை நிறுத்தினார்.

"அவர் வாசிச்சதிலை அந்தக் கட்டைச் சத்தம் இல்லையே."

"இருக்க வேணும் மாமா. தியறி அப்பிடித்தான்."

"அப்ப பாவம், அவருக்குத் தியறி தெரியாது போல."

அவர் சொன்னது சரி. அந்தக் கட்டைச் சத்தம், கூட்டுக்குப் பெயரையே தருகின்ற அடிச்சுரம், எனக்கும் கேட்கவில்லை. ஆனால் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் வராது என்று எனக்குத் தெரியும். அடிச்சுரம் இல்லாமல் கூட்டு இல்லை என்று புத்தகத்திலும் படித்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு கூட்டின் அடியிலும் அதை நானே எழுதிச் சேர்த்தேன். பெரிய கலைஞருக்கு ஒத்தாசை செய்கிற பெருமிதம் எனக்கு இருந்தது.

அதே வாரத்தில் மாமாவின் அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. தன்னார்வச் சட்டத்தரணிகளிடம் கிடைத்திருந்தது அரை மணி நேரம். கதையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். மாமாவால் தன் கதையை ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை முயன்று, இரண்டு தடவையும் எழுந்து போய்விட்டார். கடைசியில் வாசலில் நின்ற காருக்குள் தனியே இருந்து கைபேசியில் பேசிப் பதிந்து கொண்டுவந்தார்.

அம்மா அதை என் முன்னால் வைத்தார். "உதைத்தானே நாள் முழுக்கச் செய்யிறாய். மாமான்ரையையும் கேட்டு எழுதிக் குடு. எங்கட வீட்டு லோயர் நீதானே."

காதுக்கருவியை மாட்டினேன். வேகத்தைக் குறைத்தேன். மாமாவின் குரல் யாரோ ஒரு கிழவரின் குரலைப் போல வந்தது. தெருவின் பெயர், ஆட்களின் பெயர், நாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். ஓரிடத்தில், "ஆமி முகாமுக்குக் கொண்டு போனவங்கள்" என்று சொல்லி நிறுத்தினார். பதினொரு விநாடிகள். வெளியே ஒரு லொறி கடந்து போனது. பிறகு, "விடியப்புறம் விட்டிட்டாங்கள்" என்றார்.

அந்தப் பதினொரு விநாடிகளைப் பல தடவை ஓடவிட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை. பதிவில்தான் ஏதோ விழவில்லை என்று எனக்குப் பட்டது.

"அம்மா, முகாமுக்குக் கொண்டு போனா என்ன செய்வாங்கள்?"

"அடிப்பாங்கள். வேற என்ன?" அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

'இரவு முழுவதும் என்னை அடித்தார்கள்' என்று எழுதினேன். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள். வாக்கியம் அழகாக அமைந்தது. முன்னதையும் பின்னதையும் இணைத்தது.

சட்டத்தரணியாக வந்த பெண்மணி பக்கங்களைப் புரட்டி, எழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். எல்லாம் சரியா என்று மாமாவைக் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "ஓம்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் என் இசைத்தாளைத் திருப்பித் தந்தார். நான் சேர்த்த ஒவ்வொரு அடிச்சுரத்தையும் சிவப்பு வட்டம் சுற்றியிருந்தது. வகுப்பிலிருந்த பெரிய ஒலிபெருக்கியில் பதிவைப் போட்டுக் காட்டினார். கைபேசியில் நான் ஒருபோதும் கேட்டிராத பேஸ் வாத்தியம் அறையின் அடியிலிருந்து எழுந்து வந்தது. கிற்றார் கலைஞர் அந்த இடத்தை வேண்டுமென்றே அதற்கு விட்டிருந்தார். ஒன்பதாவது அளவையில் பேஸ் வாசித்த சுரம் நான் ஊகித்ததே அல்ல. நான் எழுதியது வேறொரு கூட்டு, வேறொரு பெயர்.

"இதைக் கேட்டு எழுதினாயா, தெரிந்துகொண்டு எழுதினாயா?" என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

கழிவறைக்குள் போய் அழுதேன். பிறகு வட்டமிட்ட சுரங்களையெல்லாம் அழிறப்பரால் துப்புரவாக அழித்து, திரும்ப எழுதிக் கொடுத்து, இசைக்குழுவில் இடமும் பெற்றேன். நான் நிரப்பிய இன்னொரு தாள் அப்போது ஒரு கோப்புக்குள் கிடந்தது. அது என் நினைவுக்கே வரவில்லை.

மாமாவை விசாரணைக்கு அழைத்தது அடுத்த ஆண்டில். அன்று நான் பாடசாலையிலிருந்து வந்தபோது அவர் மேசையில் ஆறிப்போன தேநீரோடு இருந்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். "மியூசிக் பாண்ட் எப்பிடிப் பிள்ளை போகுது?" என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். "நல்லது. விட்டிடாத" என்றார்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றேன். அம்மா கதிரையில் அமர்ந்துவிட்டார். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில், மேற்கோள் குறிகளுக்குள், என் வாக்கியம் இருந்தது. இரவு முழுவதும் அடித்தார்கள் என்று எழுத்தில் கூறிய விண்ணப்பதாரர், விசாரணையில் தன்னை எவரும் அடிக்கவில்லை என்று கூறுகிறார். ஆகவே அவருடைய கூற்றுகளை நம்புவதற்கில்லை.

அந்தப் பந்தியை நான் வாசிக்கவில்லை. கண்ணை அடுத்த பந்திக்கு நகர்த்திக்கொண்டேன்.

"அவ்வளவுதானோ பிள்ளை?" என்றார் மாமா.

"அவ்வளவுதான் மாமா."

"நல்லா வாசிச்சனி" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே ஒன்றும் தெரியாது என்று நான் நம்பினேன். பதின்மூன்று வயதில் எனக்கு அது போதுமாக இருந்தது.

பட்டம் பெற்ற பிறகு, அவருடைய சம்மதத்தோடு கோப்பை எடுப்பித்தேன். மேல்முறையீட்டில் இனி ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க விரும்பினேன். விசாரணையின் ஒலிப்பதிவும் அதில் இருந்தது. காதுக்கருவியை மாட்டி, வரிவரியாக எழுதத் தொடங்கினேன். அதிகாரி என் வாக்கியத்தை வாசிக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்கிறார். மாமா அதை முதன்முதலாகக் கேட்டது அந்தக் கணத்தில்தான். "அடிக்கேல்லை" என்கிறார். அப்படியானால் இதை எழுதியது யார் என்று கேட்கிறார்கள்.

"நான்தான் எழுதுவிச்சனான். பிழை என்ரைதான்."

ஓம், அடித்தார்கள் என்று சொல்லியிருந்தால் கோப்பு ஒத்துப்போயிருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதியது என்று சொல்லியிருந்தால் அதிகாரி ஒருவேளை பொறுத்திருப்பார். இரண்டையும் அவர் சொல்லவில்லை. அன்று ஆறிய தேநீரின் முன்னால் இருந்து என் இசைக்குழுவைப் பற்றி விசாரித்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடிதத்தில் நான் தாண்டிச் சென்ற பந்தி எது என்பதும் தெரிந்திருக்கும். அந்த முகாமில் என்ன நடந்தது என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஒலிப்பதிவைக் கேட்ட அன்று கிற்றாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன், பிறகு எடுக்கவில்லை. வார இறுதிகளில் ஒரு தன்னார்வ மையத்தில் வாக்குமூலங்கள் எழுதுகிறேன். பேசுபவர் நிறுத்தினால் நானும் பேனாவை வைத்துவிட்டு, எத்தனை விநாடி என்பதை மட்டும் குறிக்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் முழுவதையும் தமிழில் திருப்பி வாசிக்கிறேன். அன்று மூன்று வயதாயிருந்த மாமாவின் மகள் என் அன்றைய வயதைத் தாண்டிவிட்டாள். மேல்முறையீடு இன்னும் முடியாததால் மாமா தற்காலிக விசாவைப் புதுப்பித்துக்கொண்டு அதே தொழிற்சாலைக்குப் போய்வருகிறார்.