நல்ல மணம் என்று நான் சொன்ன மூட்டை

எனக்கு மணம் தெரியாது. மூன்று ஆண்டுகளாகத் தெரியாது. மூக்கின் முன்னால் மல்லிகையை நீட்டினாலும் ஒன்றுதான், மாட்டுச் சாணத்தை நீட்டினாலும் ஒன்றுதான்.

நோய் ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. ஆனால் நான் மூக்கை வைத்துப் பிழைக்கிறவள். மணக்கிறது, மணக்கிறது என்று மூன்று ஆண்டுகளாகப் பொய் சொல்லி வருகிறவள். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, ஒரு பாவமும் அறியாத மனிதரைத் தன்னையே சந்தேகிக்க வைத்தவள்... இதை எழுதும்போதுகூட, இதைச் செய்தது நான்தானா என்று திகைப்பாக இருக்கிறது!

ஜெர்மனியில் எர்லாங்கன் நகருக்குத் தெற்கே, ரயிலில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய சிற்றூரில் எங்கள் வடிசாலை இருக்கிறது. ஊரைச் சுற்றி ஹொப் தோட்டங்கள். உயரமான கம்பங்களில் கம்பியைப் பிடித்து ஏறும் பச்சைக் கொடி அது. அதன் பூதான் பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுக்கிறது. நாங்கள் ஏழு பேர்தான் வேலை செய்கிறோம். தொற்றுக் காலத்தில் மதுச்சாலைகள் எல்லாம் மூடி, பியர் தேங்கிக் கிடந்தபோது, முதலாளி ஊர்சுலா ஜின் வடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். ஜினுக்கு ஜூனிப்பர் காய் போதும். இந்த ஊர் ஹொப் பூவையும் சேர்ப்போமே என்று சொன்னது நான்.

அந்த ஜின் பிடித்துக்கொண்டது. எலுமிச்சைத் தோல், அப்போதுதான் வெட்டிய புல், கடைசியில் துளி மிளகு... அந்த மணத்தைத் தேடிக் கண்டுபிடித்தது என் மூக்கு. சத்தியமாக, அப்போது என் மூக்குதான்! ஹம் நகரில் எங்கள் சின்ன வீட்டில் அம்மா கறித்தூளுக்குச் சரக்கு வறுக்கும்போது, எது கருகப் போகிறது என்று அடுத்த அறையிலிருந்தே சொன்ன மூக்கு. போத்தலின் பின்புறத்தில் அதைப் பற்றி இரண்டு வரி அச்சிட்டார் ஊர்சுலா. விருந்தாளிகள் வந்தால், "இவள்தான் எங்கள் மூக்கு" என்றே அறிமுகப்படுத்துவார். அம்மாவுக்கு மட்டும் மகள் சாராயம் காய்ச்சுவது மானக்கேடு. கோயிலில் யாராவது விசாரித்தால், நான் உணவுத் துறையில் இருப்பதாகச் சொல்லிவிடுவார்.

பிறகு எல்லாருக்கும் வந்த காய்ச்சல் எனக்கும் வந்தது. காய்ச்சல் போனது. மணம் திரும்பவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். ஒரு மாதம் பொறுத்தேன். மூக்கு வைத்தியர் நான்கு சின்னக் குப்பிகளைக் கொடுத்து, ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் என்று காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மோந்தேன். நான்கும் தண்ணீர்! வரலாம், வராமலும் போகலாம் என்றார் வைத்தியர்.

ஊர்சுலாவிடம் ஏன் சொல்லவில்லை? நாளைக்குத் திரும்பிவிடும் என்று நம்பினேன். பிறகு, ஒரு மாதம் மறைத்ததை எப்படிச் சொல்வது என்று கூசினேன். பிறகு, ஆறு மாதம் மறைத்ததை... மூக்கு இல்லாவிட்டால் அந்த இடத்தில் நான் யார்? அந்தக் கேள்வியைத் தாண்டி எனக்கு ஓர் அடி வைக்க முடியவில்லை.

சமாளிப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அதிர்ச்சி! வடிப்பதை வெப்பமானியும் கடிகாரமும் பார்த்துக்கொண்டன. மோந்து பார்க்கும்போது நான் கடைசி ஆளாக நின்றேன். மற்றவர்களின் முகத்தைப் படித்தேன். ஒருவர் கண்ணை மூடினால் "எலுமிச்சை" என்பேன். புருவத்தை உயர்த்தினால் "புதுப் புல்" என்பேன். பாராட்டு முன்பைவிடக் கூடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன், கேட்டவர்களுக்குப் பரிமாறவும் செய்தேன்.

இனி யோகன் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் களஞ்சியத்தையும் குளிர் அறையையும் பார்த்துக்கொண்டவர். ஐம்பத்திரண்டு வயது, பருத்தித்துறைக்காரர். ஹம்மில் அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது, நான்தான் ஊர்சுலாவிடம் சொல்லி இங்கே வேலைக்கு எடுப்பித்தேன். அவர் வந்த பிறகு அந்த அறையில் ஒரு பெட்டிகூட இடம் மாறிக் கிடந்ததில்லை. மதியம் நான் கடிக்கும் காய்ந்த பாண் ரொட்டியைப் பார்த்து, அது சாப்பாடா, சுவரில் பூசுகிற சாமானா என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளுவார்.

போன செப்ரெம்பரில் ஜினுக்கான ஹொப் மூட்டை வந்தது. உலர்த்திய பூ, ஒரே ஒரு பெரிய மூட்டை. வந்தவுடன் கைப்பிடி எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையில் தேய்த்து மோந்து பார்க்க வேண்டும். நல்ல பூ எலுமிச்சையாய் மணக்கும். பழையது ஊசிப்போன பாற்கட்டியாய் நாறும். அது என் வேலை. தேய்த்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. பார்த்துப் படிக்க அன்று பக்கத்தில் ஒரு முகமும் இருக்கவில்லை. "நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, அந்தப் பூவையும் ஜூனிப்பர் காயையும் மதுசாரத்தில் ஊறப் போட்டோம். மறுநாள் காலை மூடியைத் திறந்த யோகன் அண்ணை ஓர் எட்டுப் பின்னால் வைத்தார்.

"தங்கச்சி, உது சரியில்லை. மழையில நனைஞ்ச சப்பாத்து மாதிரி மணக்குது."

நான் குனிந்தேன். மதுசாரத்தின் காரம் கண்ணைக் குத்தியது, அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஊர்சுலாவைக் கூப்பிட்டிருக்கலாம். புதுப் பூ ஊறும்போது அப்படித்தான் இருக்கும், வடித்தால் போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். தன் மூக்கை ஒருமுறை தடவினார். நீர் சொன்னால் சரி என்று மூடியை இறக்கினார்.

வடித்தோம். ஆறவிட்டோம். நான் சரி என்று சொன்னபடியால் போத்தலில் அடைத்தார்கள். விழா நெருங்கியதால் இந்த முறை வேறு ஒருவரும் மோந்து பார்க்கவில்லை.

நவம்பரில் புது ஜினை ஊருக்குக் காட்டும் விழா. செப்புக் கொதிகலன் நிற்கும் கூடத்தில் மேசைகள் போட்டிருந்தன. ஊர்சுலா நாலு வார்த்தை பேசிவிட்டு முதல் மிடறு குடித்தார். அவர் முகம் அப்படியே நின்றது... பிறகு மூக்கு சுருங்கியது. நான் அந்த முகத்தைப் பார்த்து என் முகத்தைச் சுளித்தேன். நினைத்துப் பாருங்கள்! என் குவளையை நான் இன்னும் வாயில் வைக்கவே இல்லை! கூடம் முழுவதும் குவளைகள் மெல்ல மேசைக்குத் திரும்பின. ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் ஏழு பேரையும் குளிர் அறை வாசலில் நிறுத்தினார் ஊர்சுலா. மூட்டையில் மிஞ்சிய பூவைத் தானே தேய்த்து மோந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூட்டை வந்த அன்று இது நன்றாக இருந்ததா?

"ஓம்" என்றேன். ஜெர்மன் மொழியில் அது இன்னும் சின்னச் சொல்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வந்தபோது நல்லதென்றால், உள்ளே வைத்துத்தான் கெட்டிருக்க வேண்டும். உள்ளே கெட்டதென்றால், குளிர் அறைக் கதவு திறந்து கிடந்திருக்க வேண்டும். கதவு யாருடைய பொறுப்பு? எல்லாத் தலைகளும் யோகன் அண்ணையின் பக்கம் திரும்பின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே... நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் காலையிலேயே இவளிடம் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கதவைத் தான் இறுக்கி இழுக்காமல் விட்டிருக்கலாம் என்று, உடைந்த ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார்.

பிறகு முற்றத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் அழுது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன்.

"அண்டைக்குக் காலமை நான் சொன்னதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தங்கச்சி. உமக்குத் தடிமனாக்கும், மூக்கடைச்சிருக்கும். யானைக்கும் அடி சறுக்கும்தானே. ஆனா மூட்டை வந்த நாள் நீர் பிழை விட்டிருக்க மாட்டீர். கதவு நான்தான்."

என் சின்னப் பிழையை அவர் மறைத்துவிட்டார். என் பெரிய பொய்யை நம்பிவிட்டார்! இப்படியும் ஒரு மனிதர் ஒருவரை நம்புவாரா? நம்பினாரே...

நாலு நாள் கழித்து, பூவை அனுப்பிய ஹொப் தோட்டக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். பூ வாங்குவது என் வழியாகத்தான், ஆகவே என்னைத்தான் கூப்பிட்டார். குரலில் வெட்கம். களஞ்சியத்தைக் கூட்டித் துப்புரவாக்கும்போதுதான் தெரிந்ததாம், உங்களுக்கு வைத்திருந்த மூட்டை இங்கேயே இருக்கிறது, நான் அனுப்பியது முந்தின ஆண்டு மூட்டை, மன்னித்துக்கொள்ளுங்கள், நல்லதை நாளைக்கே கொண்டு வருகிறேன் என்றார்.

எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டார்! ஒரு மூச்சில், ஒரு மன்னிப்பில்... ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஊர்சுலாவின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. போய்ச் சொன்னால் யோகன் அண்ணை அந்த நொடியே தப்புவார். ஆனால் ஊர்சுலா கேட்பாரே... அப்படியானால் அன்று நீ எதை மோந்து பார்த்தாய்? நான் தோட்டக்காரரிடம், பெரிதுபடுத்த வேண்டாம், இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நல்லவள் என்று நன்றி சொன்னார்.

யோகன் அண்ணைக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். குளிர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவரை முறித்தது அந்தக் கடிதம் இல்லை. பூட்டியதாக அவருக்கு நன்றாக நினைவிருந்தது! நினைவு இருந்தும் கதவு திறந்திருந்தது என்றால், பிசகியது தன் மூளை என்று முடிவுகட்டிக்கொண்டார். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பிள்ளைகளின் பெயரையே மறந்து போனவராம். பேருந்து நிறுத்தம் வரை போய், கதவைப் பார்க்கத் திரும்பி வந்தார். கழிவறைக் கதவைக்கூடக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தார். என் பாணைக் கிண்டல் பண்ணுவதை நிறுத்தினார். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு, யாரும் போகச் சொல்லாமலே வேலையை விட்டார்.

நான் அவர் வீட்டுக்குப் போனது பெப்ரவரியில். சொல்லிவிடத்தான் போனேன். இதையாவது நம்புங்கள்.

வசந்தி அக்கா, அவருடைய மனைவி, கதவைத் திறந்தார். வாசலிலேயே குரலைத் தாழ்த்தி, நினைவு மறதிக்குப் பார்க்கும் வைத்தியரிடம் டெர்மின், போய்ப் பார்க்க ஒரு நாள், கிடைத்திருக்கிறது என்றார். அதுவரைக்கும் அவர் மறக்கிறதை எல்லாம் நாள் போட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டாராம். குசினி மேசையில் அந்தத் தாள் கிடந்தது. முதல் வரியில் குளிர் அறைக் கதவு! அதை எழுத்தில் கண்டதும், நான் மனப்பாடம் பண்ணி வந்த வசனத்தை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

யோகன் அண்ணை மெலிந்திருந்தார். என்னைக் கண்டு உண்மையாகவே மகிழ்ந்தார். தேத்தண்ணி தானே போடுவதாக எழுந்து, பால் பெட்டியை எடுத்தார். திறந்து மோந்தார். யோசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இதை ஒருக்கா மணந்து பாரும், தங்கச்சி. என்ர மூக்கையும் நான் இப்ப நம்பிறேல்லை."

இதோ, சொல்வதற்கான இடம்! அவரே கையில் கொடுத்தார். எனக்கு மணம் தெரியாது அண்ணை... நாலு சொல். நான் பெட்டியை மூக்கில் வைத்தேன். கண்ணை மூடினேன். பழக்கம் அது, உடம்பில் ஊறிய பழக்கம்.

"நல்லா இருக்கு அண்ணை" என்றேன்.

அவர் ஊற்றினார். சுடுதேத்தண்ணியில் பால் திரைந்து, வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து மேலே வந்தது. மூன்று கோப்பையிலும்.

நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அவருக்கு விளங்கிவிடும் என்று நினைத்தேன். விளங்கட்டும், விளங்கட்டும் என்று என் உள்ளே ஏதோ கத்தியது!

"வசந்தி, பாலை நான் எங்கையோ வெளியில வைச்சு மறந்திட்டன் போல" என்றார் யோகன் அண்ணை.

வசந்தி அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை எடுத்து, அன்றைய நாளைப் போட்டு, பால் என்று எழுதினார். எழுதி முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டினால் அந்தப் பேனாவைப் பிடித்திருக்கலாம்.

டெர்மின் வருகிற வியாழக்கிழமை. இன்று திங்கள். உங்களைத் தவிர நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.