இரண்டு முறை ‘தவறு’ என்றேன்

ஒரு பெண்ணின் அரசாங்க வேலை என் வாய்ச்சொல்லால் போகவிருந்தது. அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். நான்தான் ‘தவறு’ என்றேன், அதுவும் இரண்டு முறை. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. அந்த நன்றியில்தான் இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணை அறைகளில் தமிழ், மலாய் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், அரசாங்கம் சின்னதாக ஒரு பிரிவைத் தொடங்கியது. பிறர் மனத்தில் ஓடுவதைக் கேட்கக்கூடிய நாலைந்து பேரைப் பயிற்றுவித்து, தொழிலாளர் புகார் விசாரணைகளில் உட்கார வைப்பது திட்டம். கம்பெனி ஆள் பக்கத்தில் இருக்கும்போது தொழிலாளி ‘ஒரு பிரச்சினையும் இல்லை’ என்பான். அவன் மனம் வேறொன்றைச் சொல்லும். அதைக் கேட்க ஆள் வேண்டும். அப்படிக் கேட்கப் பழகுவதற்கு, எதிரே உட்கார்ந்து சொன்னதை மட்டும் நினைக்கும் ஆள் வேண்டும். ஒரு வாக்கியத்தை மனத்தில் பிடித்து வைத்திருப்பது என் பழைய தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

பயிற்சிக்கு அந்தப் பெண் துறைமுகப் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து வருவாள். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கியதும் ஐந்து நிமிடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடப்பாள்.

“என்னம்மா, தலைவலியா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்ல அங்கிள். கோச்சு முழுக்க ஒரே யோசனைலா. எந்த ஸ்டேஷன்ல டாய்லெட் இருக்குன்னு. கேட்டுக் கேட்டு எனக்கே வந்துருச்சி.”

கேட்பது அவளுக்குச் சிரமமில்லை. நிறுத்துவதுதான் சிரமம். கேட்ட கேள்விக்கான பதிலை மட்டும் எடுக்க வேண்டும். எதிரே இருப்பவருடைய குடும்பம், கோபம், அவமானம் எல்லாம் அவருடைய சொத்து, அவை கோப்புக்குள் வரக்கூடாது. இதுதான் அங்கே சட்டம்.

பயிற்சியை நடத்தியவர் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஓர் அம்மையார். மேடம் என்போம். மேடம் கேள்வி கேட்பார். நான் வாய் திறக்காமல் பதிலை நினைப்பேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண் கேட்டதை எழுதுவாள். மேடம் அதைப் படிப்பார். ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று நான் சொல்ல வேண்டும். வேறு அளவுகோல் கிடையாது. கடைசி வாரத் தேர்வில் மூன்று ‘தவறு’ விழுந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கடைசி வாரம், திங்கட்கிழமை முதல் கேள்வி, “காலையில என்னா சாப்பிட்டீங்க, சார்?”

பெண் எழுதிக் கொடுத்ததை மேடம் உரக்கப் படித்தார். “‘தாள்ல எழுத்தே இல்ல.’ இது என்னா பசியாறம்மா? நான் கேள்விப்பட்டதே இல்லையே!”

நான் சாப்பிட்டது தோசை. ஆனால் அது எந்தத் தாள் என்பது எனக்குத் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் மேரு என்ற ஊரில் ஒரு நாற்காலி, மேசைத் தொழிற்சாலை. தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த ஒரு தொழிலாளி புகார் கொடுத்திருந்தார். ‘நானே விருப்பப்பட்டு வேலையை விட்டுப் போகிறேன்’ என்று அவர் கையெழுத்திட்ட தாளைக் கம்பெனி காட்டியது. விசாரணை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். தொழுகை இடைவேளைக்குள் முடிக்க வேண்டும் என்று அதிகாரி அவசரப்பட்டார். சுருக்கமாகச் சொல் என்று என்னை இரண்டு முறை கடிந்துகொண்டார். இது உன் கையெழுத்தா என்று கேட்டபோது அந்த மனிதர் நீளமாகப் பேசினார். நடுவில், “ஐயா, கையெழுத்து வாங்கறப்ப அந்தத் தாள்ல ஒரு எழுத்துகூட இல்லைங்க” என்றார். நான் மலாயில், ‘ஆம், கையெழுத்து தன்னுடையதுதான் என்கிறார்’ என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு யாரும் கையூட்டுத் தரவில்லை. மிரட்டவும் இல்லை. திட்டு வாங்க மனமில்லை, அவ்வளவுதான். புகார் தள்ளுபடியானது. தான் சொன்னது முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பிய அந்த மனிதர், போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “நன்றிங்க ஐயா” என்றார். அடுத்த வாரம் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு சின்னப் பெண் எழுதிய மூன்று சொல்லைக் கேட்டதும், யோசிக்காமல் ‘தவறு’ என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டினாள்.

நினைக்கக்கூடாது என்று முனைந்தால் அதுதான் நினைவில் நிற்கிறது. புதன்கிழமை, மாடிக்கு யாருடன் ஏறி வந்தீர்கள் என்பது கேள்வி. ‘ஒருத்தர் கும்பிட்டு நன்றி சொல்றாரு’ என்று எழுதியிருந்தாள். மறுபடியும் ‘தவறு’ என்றேன். மேடம் சிவப்பு மையில் இரண்டாவது கோட்டைப் போட்டார்.

“இன்னொண்ணு விழுந்தா வீட்டுக்குத்தான், தங்கச்சி. நல்லா இருந்தியே, என்னா ஆச்சு ஒனக்கு?”

“தெரியல மேடம்” என்றாள்.

அன்று மத்தியானம் கீழே சாப்பாட்டுக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

“நான் பொய் சொன்னேன்னு மேடத்துக்கிட்ட நீ சொல்லிருக்கலாம்லம்மா.”

“சொல்லலாம். அப்புறம் எதை மறைக்கிறாருன்னு கேப்பாங்க. அது ஒங்களோடது அங்கிள். எடுத்துக் குடுக்க நான் யாரு?”

“வேலை போயிருமே.”

“போனா என்னா, அப்பா லோரிக்குக் கிளீனர் தேடிக்கிட்டுதான் இருக்காரு. நான் போய் உக்காந்தா ரெண்டு நாள்ல அவரே தொரத்தி விட்டுருவாரு, பாவம்.” சிரித்தாள். ஆனால் சோற்றைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. கொஞ்சம் கழித்துச் சொன்னாள். “தோசையும் கேட்டுச்சி அங்கிள். மெதுவா, எழுதிக் குடுத்தப்புறம்தான். அதுக்கு மேல இது, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாரி. நானும் அதை மூடித்தான் பாக்குறேன்.”

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யார் அவர், என்ன தாள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இத்தனை மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

மறுநாள் மேடம் கேள்வித்தாளை எடுக்குமுன் எழுந்து நின்றேன். “அந்த ரெண்டும் சரி, மேடம். நான்தான் பொய் சொன்னேன்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். அன்று விசாரணை அறையில் விழுங்கியதை மலாயிலும் சொன்னேன். ஆறே சொல்தான் அது. ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுங்க, சார். மேல அனுப்புறேன். அந்த ஆளு பேரு என்னா?”

பேனாவை எடுத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தொழிலாளியுடைய சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை.

“பேரு இல்லாம எந்த ஃபைலத் தேடச் சொல்றீங்க?”

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெண் முதன்முறையாகத் திரும்பினாள்.

“அங்கிள், கேக்கட்டா? பேர மட்டும்.”

தலையசைத்தேன். கண்ணை மூடினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பெயரையும் ஒரு மாவட்டத்தையும் எழுதி நீட்டினாள். விசாரணை அன்று வாசலில் நின்று கூப்பிட்டவர் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து அப்படியேதான் சொன்னார். பார்த்த உடனே தெரிந்தது.

“வேற என்னா கேட்டுச்சி?” என்றார் மேடம்.

“கேக்கல மேடம். அதோட நிறுத்திட்டேன்.”

“நிறுத்த முடிஞ்சிச்சா?”

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது போலும். “முடிஞ்சிச்சி” என்றாள். மேடம் இரண்டு சிவப்புக் கோடுகளையும் அடித்துப் பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். தேர்வு மறுவாரம் வேறோர் ஆளை உட்கார வைத்து நடந்தது. அவள் தேறினாள்.

என்னைப் போகச் சொன்னார்கள். நியாயம்தான். என் வாக்குமூலத்துக்கு மூன்று மாதத்தில் பதில் வந்தது, அவ்வளவு பழைய கோப்பு இப்போது இல்லை என்று. அதிகாரிகளுக்கு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை, ஏனென்றால் இப்போது என்னிடம் ஒரு பெயர் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் நான் சாப்பிடும் கடையில் அந்த மாவட்டத்துக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். விசாரித்துச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஊருக்குப் போன் போட்டவர் பத்து நாள் கழித்து வந்து, “அந்தப் பேருல, மலேசியா போயிட்டு வந்தவங்களே நாலு பேரு இருக்காங்களாம் சார். ஒங்களுக்கு யாரு வேணும்?” என்றார்.

நான்கு முகவரியும் வாங்கிக்கொண்டேன். அன்று அந்தத் தொழிலாளி சொன்னது என்ன, அதில் நான் சொல்லாமல் விட்டது என்ன என்று கடிதம் எழுதி, நான்கு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன்.