சர்சி வாசமடித்த பீப்பாய்

வீட்டில் காய்ச்சும் பீரை ஊற்றி வைக்கப் பழைய எஃகுப் பீப்பாய் ஒன்று தேடி, இன்று காலை ரந்தாவ் ஊரில் உள்ள பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

மூடியைத் திறந்ததும், முன்பு அதில் அடைத்திருந்த சர்சி குளிர்பானத்தின் வாசம் மூக்கைத் துளைத்தது.

"அண்ணே, ரப்பர் வளையத்துலயே சர்சி ஊறிப்போயிருக்கு. பீர் கெட்டுடும்."

கடைக்காரர் அசரவில்லை. "கெடாதுலா தம்பி. பிளேவர் சும்மா கிடைக்குது, வேணாங்குற?"

அவ்வளவு தாராள மனசு!

வாங்கி வந்து, எல்லா வளையங்களையும் மாற்றி, சோடா உப்பு கரைத்த வெந்நீரில் பீப்பாயை ஊறவைத்துக் கழுவினேன். வாசம் போயே போய்விட்டது.

பெருமையாக மனைவியிடம் காட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"நல்லா சுத்தமா இருக்குங்க. இதுல போய் உங்க பீரை ஊத்தப் போறீங்களா?"

போன முறை என் பீரைக் குடித்த நண்பர்கள் உடனே இந்தப் பதிவுக்குக் கீழே வந்து சாட்சி சொல்லவும். பொய்ச் சாட்சியானாலும் பரவாயில்லை.