இருமல் கேட்காத வீடு

குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவரை எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எப்போதும் இரவு வேலை. விடிந்த பிறகு வருவார், குளிப்பார், சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகப் படுத்துவிடுவார். பகல் முழுக்க அவர் வீட்டு ஜன்னலில் கெட்டியான போர்வை ஒன்று தொங்கும். அது தொங்கும்வரை பக்கத்து வீட்டில் நாங்களும் பாத்திரத்தை மெதுவாகத்தான் வைப்போம். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

மெஷினைக் காதால் பார்க்கிற மனிதர் அவர். மீட்டர் எல்லாம் பிறகுதான். நாற்காலியைச் சுவரோரம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சத்தத்தில் லேசாக ஒரு தட்டல், ஒரு இழுப்பு வந்தால் போதும், எழுந்துவிடுவார். "சத்தம் போடாத மெஷின் சௌக்கியமா இருக்குன்னு அர்த்தம்" என்பார். வேலையில் அது அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். சீருடை தைக்கிற கூடத்தில் பட்டன் வைக்கிற வேலை, மத்தியானத்துக்கு மேல்தான் போவாள். அவளுக்கு இருமல் வந்தபோது முதலில் துணித்தூசி என்றார்கள், பிறகு அலர்ஜி என்றார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் ஆபரேட்டர் சுவர்ப்பக்கம் புரண்டு, "கொஞ்சம் அடக்கிக்கயேம்மா, இப்பதான் கண் அசந்தேன்" என்பார். கோபமாகச் சொன்னதில்லை. கெஞ்சுகிற குரல்தான். அக்கா அடக்கப் பழகிக்கொண்டாள். துண்டை வாயில் திணித்துக்கொள்வாள். தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்குவாள். அதற்கும் நிற்காவிட்டால் பின்பக்கக் குழாயடிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு இருமுவாள். நாங்கள் பார்த்திருக்கிறோம். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ரத்தம் முதலில் வந்ததும் அந்தக் குழாயடியில்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே போனாளாம்.

ஆஸ்பத்திரியில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஆபரேட்டர், "புகை பிடிக்காத பொம்பளைக்கு எப்படி டாக்டர் இது வரும்?" என்று கேட்டார். "வரும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் பதில். வலது நுரையீரலின் கீழ்ப்பாகத்தை எடுத்தார்கள். மார்பின் பக்கவாட்டிலிருந்து முதுகுவரை வளைந்துபோகும் தையலோடு அக்கா வீடு திரும்பினாள்.

ஆபரேட்டர் லீவு போட்டுவிட்டார். துணைக்கு அக்காவின் தங்கையும் வந்து சேர்ந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். ஆனாலும் அக்காவின் பாதி வேலைகளை ஆபரேட்டரே இழுத்துப்போட்டுச் செய்தார். உடம்பு துடைத்துவிட்டார். கஞ்சியை ஆற்றி ஊட்டினார். தலை பின்னிவிடவும் ஆரம்பித்தார்.

"மாமா, இது ஜடையா, உங்க கம்ப்ரஸர் பெல்ட்டா?" என்றாள் தங்கை.

"பெல்ட் இவ்வளவு மோசமா இருந்தா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க" என்றார் அவர். அக்கா சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற நேரமெல்லாம் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூக்கம் இல்லை. அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். போனில் விசாரிக்கிற எல்லோரிடமும் ஒரே சேதிதான்: "இருமலே இல்ல. சுத்தமா நின்னுடுச்சு. டாக்டர் கைராசிக்காரர்."

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பிசியோதெரபி பெண் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்து, இருமும்போது தையல்மேல் வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தாள். இருமல் வந்தால்தானே அது தேவை என்று ஆபரேட்டர் நினைத்துக்கொண்டார். தலையணை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியிலேயே இருந்தது.

தங்கைக்குத்தான் முதலில் ஏதோ சரியில்லை என்று பட்டது.

"அக்கா, தொண்டையில கரகரன்னு கேக்குது. துப்பேன்."

"மெதுவாப் பேசுடி. அவர் தூங்கறார்."

"எங்க தூங்கறார்? முழிச்சுக்கிட்டு உன் பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார்!"

ஆபரேட்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். அக்காவும் லேசாகச் சிரித்துவிட்டு எதையோ விழுங்கினாள்.

காய்ச்சல் மளமளவென்று ஏறியது. உதடு வெளுத்து, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதே பிசியோதெரபி பெண் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். அங்கே ஒரு பக்கம், இங்கே ஒரு பக்கம் என்று நகர்த்தி நகர்த்திக் கேட்டாள்.

"வீட்டுல நல்லா இருமினாங்களா?"

"ஒரு தடவைகூட இல்லீங்க" என்றார் ஆபரேட்டர். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்ததாம் அவர் முகம்.

"இதை என்னங்க இவ்வளவு பெருமையா சொல்றீங்க? இருமினாத்தான் சளி வெளிய வரும். உள்ளயே தேங்கி, மிச்சம் வெச்ச நுரையீரலும் சுருங்கிப்போயிருக்கு."

தொண்டை வழியே குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். பெரிய டாக்டர் ஆபரேட்டரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டிவரும், வைத்தால் திரும்ப எடுக்க முடியுமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆபரேட்டரிடம் யாரும் மெஷின் பற்றி இப்படிப் பேசியதில்லை.

இந்த முறை வீட்டுக்கு வந்ததும் தலையணையின் உறையைப் பிரித்தார். வலி மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யக் காத்திருந்து, அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்து, "இப்ப இருமு" என்றார். அக்கா தொண்டையைச் செருமினாள். அது இருமல் ஆகாது, வயிற்றிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆபரேட்டர் தானே இருமிக் காட்டினார். கண்ணில் நீர் வரும்வரை இருமினார்.

"மாமா, நீங்க இருமினா அக்காவுக்கா நுரையீரல் விரியப் போகுது?" என்றாள் தங்கை. குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது.

தன் எதிரில் வராது என்று நினைத்து அவர் வெளியே போய்ப் படியில் நின்றார். உள்ளே பாதி இருமல் ஒன்று கிளம்பி அப்படியே அறுந்தது. தையலை அழுத்திப் பிடிக்க அக்காவின் கையில் பலம் இல்லை. தங்கை பிடித்தால் அக்கா முனகியதுமே கையை எடுத்துவிடுகிறாள். ஆகவே அவர்தான் பிடிக்கவேண்டும். அவர் பக்கத்தில் இருந்தாலோ இருமல் வருவதில்லை.

மறுநாள் மத்தியானம் நெற்றி மறுபடி சுட ஆரம்பித்தது. ஆபரேட்டர் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு அவர் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

"இருமித் தொலையேன்டி!"

சற்றுப் பொறுத்து அக்காவின் குரல், துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் மூச்சுத் தேடி.

"அடக்குன்னீங்க. அடக்கினேன். குழாயடியில போய் நின்னேன். ரத்தம் வந்தப்பகூட உங்களை எழுப்பல. இப்ப இருமுங்கறீங்க. என் இருமலும்... உங்க ஷிப்டு பாத்துத்தான் வரணுமா?"

கடைசி வார்த்தை முடிவதற்குள் அது வந்துவிட்டது. கனமான பெட்டி ஒன்றைச் சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோன்ற சத்தம். ஆபரேட்டர் தலையணையை விலாவில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். அக்கா அலறினாள், அவர் மணிக்கட்டில் அறைந்தாள், மறுபடி இருமினாள். தங்கை ஓடிவந்து கிண்ணத்தை ஏந்தினாள். மஞ்சளாக, நடுவே பழுப்பு இழை ஓடிய சளி கட்டியாக வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் நிறத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்ததால் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். நடந்ததை நாங்கள் அறிந்தது அப்படித்தான்.

அவள் திரும்பிப் போனபோது அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளாம். ஆபரேட்டர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஏன் என்னை எழுப்பல?" என்று கேட்டார்.

"எழுப்பியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்ல நிறைய நேரம் இருந்தது. அவர் யோசித்தார்.

"திட்டியிருப்பேன்."

"ம்" என்றாள் அக்கா.

காய்ச்சல் அன்றைக்கு இறங்கவில்லை. அடுத்த வேளை மாத்திரைக்குப் பிறகு தங்கை அவளை நிமிர்த்தி உட்காரவைத்தாள். ஆபரேட்டர் கதவருகே தயங்கி நின்றார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே தலையணையை அவர் பக்கம் தள்ளினாள்.

"பிடிங்க. நான் கத்தினா கையை எடுத்துடாதீங்க."

ஆபரேட்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டிலில் ஏறி அவள் பின்னால் உட்கார்ந்தார்.